கைதிகள் பரிமாற்றம்: விமானத்துக்கு முன்னால் ஓடும் காகிதங்கள்

2024 ஜூலை 19 அன்று ரஷ்யாவின் எகாதெரின்பர்க் நீதிமன்றம் அமெரிக்கப் பத்திரிகையாளர் எவான் கெர்ஷ்கோவிச்சுக்கு உளவுக் குற்றச்சாட்டில் 16 ஆண்டு தண்டனை விதித்தது. செய்தி பார்த்தவர்கள் 'அவ்வளவுதான், முடிந்தது' என்றார்கள். கைதிகள் பரிமாற்ற வேலையைப் பக்கத்திலிருந்து பார்ப்பவர்கள் கவனித்தது தேதியை. ஆகஸ்ட் 13-க்குத் தள்ளிவைத்திருந்த வழக்கை ஜூலை 18-க்கு இழுத்து, மறுநாளே தீர்ப்பையும் சொல்லிவிட்டார்கள். உளவு வழக்கு இவ்வளவு வேகமாக ஓடினால், எங்கோ யாரோ நாள் குறித்துவிட்டார்கள் என்று பொருள். பதின்மூன்றாம் நாள் அவர் பரிமாற்றத்தில் விடுதலையாகி, துருக்கியின் அங்காரா விமான நிலையத்தில் இறங்கினார்.

காரணம் எளிது. கைதியை அனுப்ப வழக்கமான வழி மன்னிப்பு. மன்னிப்பு என்பது தண்டனைக்குத்தான். தண்டனையே இல்லாதவரை எதிலிருந்து மன்னிப்பது? எல்லா முறையும் அப்படியே நடப்பதில்லை, அங்காராவுக்கு வந்தவர்களிலேயே விசாரணைக் கைதிகளும் இருந்தார்கள். ஆனாலும் ரஷ்யத் தரப்பு 'முதலில் தீர்ப்பு, பிறகு பேச்சு' என்று திரும்பத் திரும்பச் சொல்லி வந்தது. அதனால் வழக்கறிஞருக்கும் பேச்சுவார்த்தை நடத்துபவருக்கும் உள்ளூர ஓர் இழுபறி இருந்துகொண்டே இருக்கும். ஒருவர் வழக்கை இழுத்து ஓட்டைகளைக் காட்டப் பார்ப்பார். மற்றவருக்கு அது சீக்கிரம் முடிய வேண்டும். ரஷ்யாவில் பிடிபட்ட அமெரிக்கக் கூடைப்பந்து வீராங்கனை பிரிட்னி கிரைனர் 2022 ஜூலையில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஆகஸ்டில் 9 ஆண்டு தண்டனை, அக்டோபரில் மேல்முறையீடு தள்ளுபடி, டிசம்பர் 8 அன்று அபுதாபியில் விடுதலை.

தூதரக அதிகாரியின் வேலை இதற்கெல்லாம் வெகு முன்பே தொடங்கிவிடுகிறது. 1963-ஆம் ஆண்டு வியன்னா தூதரக உறவுகள் உடன்படிக்கையின் 36-ஆவது பிரிவுதான் கையில் இருக்கும் முக்கிய ஆயுதம். கைதானவர் கேட்டால் அவருடைய தூதரகத்துக்குத் தாமதமின்றித் தகவல் தர வேண்டும், அதிகாரி போய்ப் பார்க்க அனுமதிக்க வேண்டும். 'தாமதமின்றி' என்பதற்கு எத்தனை நாள் என்று அந்தப் பிரிவில் இல்லை. இரட்டைக் குடியுரிமை உள்ளவர் என்றால் கதவே திறக்காமல் போகலாம். ஈரான் அதை ஏற்பதில்லை. பிரிட்டிஷ்-ஈரான் குடியுரிமை இரண்டும் உள்ள நாசனின் ஸகாரி-ராட்கிளிஃப் 2016-இல் தெஹ்ரான் விமான நிலையத்தில் பிடிபட்டபோது, அந்நாட்டுக்கு அவர் வெறும் ஈரான் குடிமகள். பிரிட்டிஷ் தூதரகத்துக்கு அங்கே என்ன வேலை என்பதுதான் பதில்.

முதல் சந்திப்பு பெரும்பாலும் அரை மணி, ஒரு மணி நேரம். பக்கத்தில் காவலரும் மொழிபெயர்ப்பாளரும் இருப்பார்கள். வழக்கைப் பற்றி வாய் திறந்தால் சந்திப்பையே முடித்துவிடுவார்கள். ஆகவே கேட்க வேண்டியதை வரிசைப்படுத்தி எழுதிக்கொண்டு போக வேண்டும்: தூக்கம் வருகிறதா, மருந்து கிடைக்கிறதா, கண்ணாடி கையில் இருக்கிறதா, புரியாத மொழியில் எதிலாவது கையெழுத்து வாங்கினார்களா. மருந்தின் வணிகப் பெயர் சிறை மருத்துவருக்குத் தெரியாது, வேதிப் பெயரையும் அளவையும் எழுதித் தர வேண்டும். எல்லாவற்றிலும் முக்கியமாக, குடும்பத்தாரோடு தன்னைப் பற்றிப் பேசலாம் என்ற ஒப்புதல் படிவம். அமெரிக்கத் தூதரகம் அந்தக் கையெழுத்து இல்லாமல் தாயிடம்கூட விவரம் சொல்ல முடியாது. இதை வாங்க மறந்துவிட்டால், அடுத்த சந்திப்பு வரை வீட்டில் இருப்பவர்கள் தவித்துக்கொண்டே இருப்பார்கள்.

கடிதத்திலும் ஒரு சூட்சுமம் உண்டு. தணிக்கை அதிகாரி படித்த பிறகுதான் கடிதம் அறைக்குப் போகும். அவருக்குத் தெரியாத மொழியில் எழுதினால் அது மேசையிலேயே கிடக்கும். கெர்ஷ்கோவிச்சின் நண்பர்கள் உலகெங்கிலுமிருந்து வந்த கடிதங்களை ரஷ்ய மொழியில் பெயர்த்து அனுப்பியது இதனால்தான். ரஷ்ய விசாரணைச் சிறையில் இருக்கும்வரை மாதம் 30 கிலோ வரை பொருள் அனுப்பலாம். தண்டனை உறுதியாகி தண்டனை முகாமுக்கு மாற்றும்போதுதான் வயிற்றைப் பிசையும் காலம். எந்த ரயில், எந்த ஊர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். 2022 நவம்பரில் கிரைனர் மொர்தோவியாவின் யாவாஸ் முகாமுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டார் என்பது உறுதியாகவே இரண்டு வாரம் ஆனது.

சொந்த நாட்டிலும் ஒரு கதவு உண்டு. அமெரிக்காவில் 2020-இல் வந்த லெவின்சன் சட்டம், ஒருவர் முறைகேடாகச் சிறை வைக்கப்பட்டவரா என்று முடிவு செய்ய 11 அளவுகோல்களைத் தருகிறது. அந்த முத்திரை விழுந்தால் கோப்பு பணயக்கைதிகள் விவகாரத்துக்கான சிறப்புத் தூதரின் மேசைக்குப் போகும். விழாவிட்டால் சாதாரண தூதரக உதவி மட்டுமே. கிரைனரிடம் பிடிபட்டது ஒரு கிராமுக்கும் குறைவான கஞ்சா எண்ணெய். மூன்று மாதத்துக்குள் முத்திரை விழுந்தது. ரஷ்யாவில் பிடிபட்ட அமெரிக்க ஆசிரியர் மார்க் ஃபோகலிடம் இருந்தது மருத்துவக் கஞ்சா, சுமார் 17 கிராம். 14 ஆண்டு தண்டனை பெற்ற அவருக்கு அந்த முத்திரை கிடைக்க மூன்று ஆண்டுக்கு மேல் ஆகி, 2025 பிப்ரவரியில்தான் வீடு திரும்பினார். அளவுகோல்கள் ஒன்றுதான். படிக்கிற கண்களும் வெளியிலிருந்து வரும் சத்தமும் வேறு வேறு என்றே நினைக்கத் தோன்றுகிறது.

பேரம் படிந்த பிறகு இரு தரப்பிலும் சட்டப்படி ஒரு காகிதம் தேட வேண்டும். கிரைனருக்கு ஈடாக ரஷ்ய ஆயுத வியாபாரி விக்டர் பூட்டை அனுப்ப அமெரிக்க அதிபர் அவருடைய 25 ஆண்டு தண்டனையைக் குறைத்து ஆணையிட்டார். பெர்லினில் கொலை செய்து ஆயுள் தண்டனை பெற்ற வாதிம் கிராசிகோவை ஜெர்மனி மன்னிக்கவில்லை. வெளிநாட்டவரை நாடு கடத்தினால் தண்டனையைத் தொடராமல் விடலாம் என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 456ஏ பிரிவைப் பிடித்தார்கள். திரும்பி வந்தால் மீதியை அனுபவிக்க வேண்டியதுதான். சீனா 2021-இல் இரண்டு கனடியர்களை அனுப்பியபோது சொன்ன சொல் 'மருத்துவ ஜாமீன்'. ஒவ்வொரு நாடும் தன் நீதிமன்றம் தவறு செய்யவில்லை என்று காட்டிக்கொள்ள இப்படி ஒரு சொல்லைத் தேடிக்கொள்கிறது.

கைதியின் பங்கு கருணை மனு. குற்றமே செய்யவில்லை என்று ஆண்டுக்கணக்காகச் சொன்னவரிடம் 'மன்னிப்புக் கேட்டு எழுது' என்று படிவத்தை நீட்டுவார்கள். கையெழுத்திட்டால் பழியை ஏற்றதாகிவிடுமோ, மறுத்தால் விமானம் போய்விடுமோ! கெர்ஷ்கோவிச் கையெழுத்திட்டு, கடைசியில் புடினிடம் ஒரு பேட்டியும் கேட்டு எழுதினார். ரஷ்ய எதிர்க்கட்சியினர் விளாதிமிர் காரா-முர்ஸாவும் இல்யா யாஷினும் மறுத்துவிட்டார்கள். ஆனாலும் அவர்களை விமானத்தில் ஏற்றினார்கள். தன் சம்மதம் இல்லாமல் தன் நாட்டிலிருந்தே வெளியேற்றிவிட்டதாக யாஷின் பிறகு சொன்னார், அதில் அவருக்கு மகிழ்ச்சி இல்லை.

கைமாற்றும் நேரத்தில் கண் வைக்க வேண்டியது ஆள் அடையாளத்திலும், இரு தரப்பும் ஒரே நேரத்தில் விடுவதிலும். 1962 பிப்ரவரி 10 அன்று பெர்லின் எல்லையிலுள்ள க்ளீனிக்கே பாலத்தில் அமெரிக்க விமானி பவர்ஸும் சோவியத் உளவாளி ஆபெலும் இரு முனைகளிலும் நிற்க, பவர்ஸை நேரில் தெரிந்தவர் வந்து முகம் பார்த்து உறுதி செய்தார். அப்படியும் யாரும் நகரவில்லை. பெர்லினின் வேறொரு சோதனைச் சாவடியில் அமெரிக்க மாணவர் ஃப்ரெடெரிக் பிரையர் விடுவிக்கப்பட்ட செய்தி வரும்வரை குளிரில் நின்றார்கள். 2024-இல் அங்காராவில் ஏழு விமானங்கள், இரண்டு குழந்தைகள் உட்பட 26 பேர். ரஷ்யாவுக்கு 10, ஜெர்மனிக்கு 13, அமெரிக்காவுக்கு 3.

அமெரிக்கா திரும்பியவர்களைப் பெரும்பாலும் சான் அன்டோனியோ ராணுவ மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறார்கள். அங்கே தங்குவது கட்டாயமில்லை. எப்போது சாப்பிடுவது, யாரை எப்போது பார்ப்பது, விளக்கை எப்போது அணைப்பது என்பதையெல்லாம் வந்தவரிடமே கேட்கிறார்கள்.