அத்தை நேர்ந்த சந்தனம்

பொங்கல் லீவில் எங்கள் குடும்பம் மூன்றாம் நாள் ரெண்டாகப் பிரியும். தை மூன்றாம் தேதி அலங்காநல்லூரில் ஜல்லிக்கட்டு. ஆண்களில் பாதிப் பேர் விடியும் முன்பே அங்கே ஓடிவிடுவார்கள். மிச்சமுள்ள பெண்களும் பிள்ளைகளும் வயசானவர்களும் புளியோதரைத் தூக்குகளோடு அழகர்கோயில். காணும் பொங்கலுக்கு வேறு எங்காவது போகலாமே என்று எங்கள் வீட்டில் பிறந்த யாரும் கேட்டதில்லை. மருமகளாக வந்தவர்கள் கேட்டிருக்கலாம், பதில் கிடைத்திருக்காது.

அண்ணன் மீசை முளைக்கும் முன்பே அலங்காநல்லூர் கட்சியில் சேர்ந்துவிட்டான். எனக்கு அழகர்தான். அந்த வயதில் அதில் கொஞ்சம் வருத்தம்கூட உண்டு.

இந்தப் பொங்கலுக்கு எல்லோரும் கூடியபோது அப்பா ஒரு காரியத்தை மனதில் முடித்து வைத்திருந்தார். அவருடைய தங்கை, எங்கள் அத்தை, ரெண்டு வருடம் முன்னால் தவறிவிட்டார். மகன் பைக்கிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டபோது, அவன் எழுந்து நடந்தால் அழகர்கோயில் வாசலில் காவல் நிற்கிற பதினெட்டாம்படிக் கருப்பருக்குச் சந்தனம் சாத்துவதாக அத்தை நேர்ந்திருந்தாராம். பையன் நடந்தான், அப்புறம் ஷார்ஜாவுக்கு வேலைக்கும் போய்விட்டான். சந்தனம் மட்டும் பாக்கி. அத்தை நேர்ந்ததற்கு நீங்கள் ஏன் அலைய வேண்டும் என்று சித்தப்பா கேட்டார். “தங்கச்சி நேந்தது. நான் இருக்கேன்ல?” என்றார் அப்பா. அதற்கு மேல் யாரும் பேசவில்லை.

மதுரையிலிருந்து 21 கிலோமீட்டர். புதூர், மூன்றுமாவடி, கடச்சனேந்தல், அப்பன்திருப்பதி. சின்ன வயதில் மூன்றுமாவடி தாண்டினால் டவுன் முடிந்துவிடும், அப்புறம் மலை தெரிகிற வரை வயல்தான். இப்போது எங்கே முடிகிறது என்றே தெரியவில்லை. சித்திரையில் அழகர் இதே சாலையில்தான் இறங்கி வருகிறார். அவருக்கும் இந்த மாற்றமெல்லாம் தெரிந்திருக்கும்.

மலையடிவாரத்தில் இறங்கியதும் வழக்கமான சண்டை: முதலில் யாரைக் கும்பிடுவது? ஒரே மலையில் கீழே பெருமாளும் வாசலில் கருப்பரும், நடுவில் பழமுதிர்சோலை முருகனும், உச்சியில் ராக்காயி அம்மனும் இருந்தால் சண்டை வராமல் என்ன செய்யும்? அப்பத்தா இருந்த வரை அவர் சொன்னதுதான் சட்டம். மேலே போய்த் தீர்த்தமாடி ராக்காயியைக் கும்பிட்டு, இறங்குகிற வழியில் முருகன், கீழே பெருமாள், கடைசியில் கருப்பர். மத்தியானம் பெருமாள் நடை சாத்திவிடுவார்களே என்று அம்மா அப்போதும் சொல்வார், இப்போதும் சொல்கிறார். சித்தப்பா முருகன் கட்சி, அவருக்கு எந்த வரிசையும் சம்மதம். இந்த முறை அப்பத்தா வரிசையே ஜெயித்தது, அவர் இல்லாமலே.

மேலே நூபுர கங்கை. திருமால் உலகளந்தபோது தூக்கிய திருவடியைப் பிரமன் கழுவ, சிலம்பில் பட்டுத் தெறித்த நீர் என்பது புராணம். சிலப்பதிகாரத்தில் மதுரைக்கு வரும் வழியில் கோவலனிடம் மாங்காட்டு மறையவன் இந்த மலையைப் பற்றித்தான் சொல்கிறான். இங்கே மூன்று பொய்கைகள் உண்டு; அதில் பவகாரணியில் குளித்தால் பழம்பிறப்பு தெரியும் என்கிறான். கூட வருகிற சமணத் துறவி கவுந்தியடிகள் அதெல்லாம் வேண்டாம் என்று மறுத்துவிடுகிறார். எனக்கும் முற்பிறப்பு வேண்டாம். இந்தப் பிறப்பின் முதல் பத்து வருடம் போதும், அதற்கு நூபுர கங்கையே போதுமானது. அந்தக் குளிர்ந்த தண்ணீர் தலையில் விழுந்ததும் முதலில் ஞாபகம் வந்தது அப்பத்தாவின் கைதான். பிடரியில் வைத்து அமுக்கிப் பிடிப்பார், மூச்சு முட்டும், திமிறினால் முதுகில் ஒன்று விழும். தீர்த்தம் என்பது உடம்பு முழுக்க நனைய வேண்டிய விஷயம், தலையில் தெளித்துக்கொள்வதெல்லாம் ஏமாற்று வேலை என்பது அவர் கொள்கை. இந்தமுறை என் அண்ணன் மகள் நாலு சொட்டுத் தெளித்துக்கொண்டு நகரப் பார்த்தாள். நான் பிடரியில் கை வைத்துவிட்டேன். “அத்தே!” என்று அவள் போட்ட கத்தலில் மண்டபமே திரும்பிப் பார்த்தது.

பழமுதிர்சோலையில் நல்ல கூட்டம். சித்தப்பா, ஔவையாரிடம் சுட்ட பழம் வேண்டுமா என்று முருகன் கேட்ட கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு குரங்கு ஒருத்தி கையிலிருந்த கொய்யாப்பழத்தைக் கேட்காமலே வாங்கிக்கொண்டு போய்விட்டது. கதை அத்தோடு முடிந்தது.

பெருமாள் நடை சாத்துவதற்குள் வந்து சேர்ந்துவிட்டோம், அம்மாவுக்கு நிம்மதி. உற்சவருக்கு நூபுர கங்கைத் தண்ணீர் தவிர வேறு நீரில் அபிஷேகம் கிடையாது. ஐப்பசியில் தைலக்காப்புக்கு அவரே மேலே எழுந்தருளுவார். பிரகாரத்தில் உட்கார்ந்ததும் அம்மா வருடா வருடம் சொல்கிற கதையை ஆரம்பித்தார். மாலிருஞ்சோலை நம்பிக்கு, அதாவது இந்த அழகருக்கு, நூறு தடா, பெரிய பானை, வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் நேர்ந்து பாடிவிட்டுப் போனாள் ஆண்டாள். சில நூறு வருடம் கழித்து வந்த ராமானுஜர் அதை இங்கே நிறைவேற்றிவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் போக, அவள் அவரை அண்ணா என்று அழைத்தாளாம். பக்கத்தில் அப்பா கால் வலியில் முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார். அவர் கருப்பர் ஆள், இந்தக் கதையை அவர் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை.

கருப்பருக்கு உருவம் இல்லை. ராஜகோபுரத்தின் அடைத்த கதவுதான் சாமி. மலையாள தேசத்திலிருந்து அழகரின் சக்தியைக் கவர்ந்துபோக வந்த மந்திரவாதிகள் பதினெட்டுப் பேரையும் படிக்கு ஒருவராகப் புதைத்தார்கள், கூட வந்த தெய்வம் இங்கேயே காவலாக நின்றுவிட்டது என்பார்கள். மதுரைக்குக் கிளம்பும்போது அழகரே இவரிடம் உத்தரவு வாங்கிக்கொண்டுதான் போகிறார். சுற்றுப்பட்டில் கொடுக்கல் வாங்கல் தகராறு என்றால் “பதினெட்டாம்படிக்கு வா, சத்தியம் பண்ணு” என்பதோடு பாதி வழக்கு தீர்ந்துவிடும். பொய்ச் சத்தியம் பண்ண அங்கே யாருக்கும் கால் வராது. சின்ன வயதில் நான் அம்மா முந்தானைக்குப் பின்னால் நின்றுதான் அந்தக் கதவைப் பார்ப்பேன். நட்டு வைத்திருக்கிற அரிவாள்களைப் பார்த்தாலே வயிறு கலங்கும். அத்தை மட்டும் வீட்டில் யாரிடமோ பேசுவதுபோல அவரிடம் சத்தமாகப் பேசுவார். கொழுந்தன் பங்கு பிரித்த கதையெல்லாம் சொல்லுவார்.

பூசாரி பேர் கேட்டார். அப்பா அத்தையின் பேரைச் சொன்னார். “இருக்காகளா?” “இல்ல.” பூசாரி ஒரு நொடி பார்த்துவிட்டு, “சரி, அவுக பேருக்கே பண்ணிருவோம்” என்று சந்தனத்தைக் கதவில் அப்பத் தொடங்கினார். அப்பாவுக்கு உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. கணக்கை நேர் பண்ணியிருப்பார்.

அப்புறம் தோசை. அழகர்கோயிலுக்குப் போய்விட்டு அது இல்லாமல் வீட்டுக்குள் நுழைய முடியாது. தோலோடு அரைத்த உளுந்து, மிளகு, சீரகம், நெய். கையில் எடுத்தால் கனம் தெரியும். சாயங்காலம் அலங்காநல்லூர் கட்சி புழுதியும் தொண்டைக் கட்டுமாக வந்து சேர்ந்தது. எந்தக் காளை யாரைத் தூக்கியது என்று சொல்லிக்கொண்டே பாதித் தோசையை முடித்துவிட்டார்கள். அப்பா தனியாக ரெண்டை எடுத்துச் சந்தனப் பொட்டலத்தோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தார். மறுவாரம் ஷார்ஜா கிளம்புகிற தெருக்காரப் பையனிடம் கொடுத்தனுப்புவதாகத் திட்டம்.

“அதுக்குள்ள கெட்டுப்போயிராதாப்பா?” என்றேன்.

“ஏன், இது என்ன உங்க வீட்டுத் தோசையா?” என்றார். என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பைத்தான் தாங்க முடியவில்லை.