கறுப்பு அன்னத்தின் சொந்தக்காரர்

அமெரிக்கக் கறுப்பினப் பாடகி எதெல் வாட்டர்ஸ் 1921-ஆம் ஆண்டில் பாடிய 'டவுன் ஹோம் புளூஸ்' என்ற பாடலைச் சில வாரங்களாகத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒலிப்பதிவுக் கூடத்துக்குள் மைக் நுழையாத காலம் அது. பாடகி ஒரு பெரிய புனலின் வாயருகே நின்று பாட, அந்தக் குரலின் அதிர்வே ஊசியை அசைத்து மெழுகில் கோடு கீறியது. ஆகவே பக்கவாத்தியங்கள் அடுத்த வீட்டில் வாசிப்பவைபோல மங்கலாகக் கேட்கின்றன. தட்டின் தேய்மானம் ஓட்டுக்கூரையில் விழும் தூறலைப்போல இடைவிடாமல் இரைகிறது. அத்தனையையும் தாண்டி வாட்டர்ஸின் உச்சரிப்பு ஒரு சொல்கூடப் பிசகாமல் காதில் வந்து விழுகிறது. அக்காலத்து இசைத்தட்டுகள் அரக்கால் ஆனவை. உலகம் முழுவதற்குமான அந்த அரக்கில் பெரும்பகுதி நம் நாட்டுக் காடுகளிலிருந்தே கப்பலேறியது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன்.

இந்தப் பாடலை வெளியிட்ட நிறுவனத்தின் பெயர் பிளாக் ஸ்வான், அதாவது கறுப்பு அன்னம். அதைத் தொடங்கிய ஹாரி ஹெர்பர்ட் பேஸ் என்ற மனிதரைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன். அவருக்கு முன்பே, 1919-இல், ஜார்ஜ் புரூம் என்ற கறுப்பர் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் சிறிய அளவில் இசைத்தட்டுகளை வெளியிட்டிருக்கிறார். எனினும் கறுப்பர் ஒருவருக்குச் சொந்தமாக இருந்து, நாடெங்கும் விற்பனையான முதல் பெரிய இசைத்தட்டு நிறுவனம் பிளாக் ஸ்வான்தான்.

பேஸ் 1884-இல் ஜார்ஜியா மாநிலத்தின் கோவிங்டன் என்ற ஊரில் பிறந்தார். அட்லாண்டா பல்கலைக்கழகத்தில் அறிஞர் டு பாய்ஸிடம் பயின்று, 1903-இல் வகுப்பின் முதல் மாணவராகத் தேறினார். ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து மெம்ஃபிஸ் நகரில் 'மூன்' என்ற வார இதழை நடத்தினார்கள். அது ஓராண்டுகூட நிலைக்கவில்லை. பிறகு அதே நகரில் கறுப்பர்கள் நடத்திய சால்வென்ட் சேவிங்ஸ் வங்கியில் பேஸ் காசாளரானார். பாடல் எழுதும் ஆர்வமும் உடைய அவருக்கு, அமெரிக்கக் கறுப்பர்களிடையே பிறந்த புளூஸ் இசையின் தந்தை என்று பின்னாளில் போற்றப்பட்ட டபிள்யூ. சி. ஹேண்டியின் நட்பு அங்கேதான் கிடைத்தது.

ஹேண்டிக்கு நேர்ந்த ஓர் இழப்பை அறியாமல் பேஸைப் புரிந்துகொள்ள முடியாது என்று நினைக்கிறேன். 1912-இல் 'மெம்ஃபிஸ் புளூஸ்' என்ற தம் இசையமைப்பின் உரிமையை ஹேண்டி 50 டாலருக்கு விற்றுவிட்டார். அது நாடெங்கும் புகழ்பெற்று அச்சுப்பிரதிகள் விற்றுக் குவிந்தபோது, வந்த பணத்தில் ஒரு காசுகூட அவருக்குச் சேரவில்லை. உரிமை அவர் கைக்குத் திரும்ப 28 ஆண்டுகள் ஆயின. பாட்டு நம்முடையதாக இருந்தால் மட்டும் போதாது, அதை அச்சிட்டு விற்கும் கடையும் நம்முடையதாக இருக்க வேண்டும் என்ற பாடத்தை இருவரும் பட்டுத் தெரிந்துகொண்டதன் விளைவே 'பேஸ் அண்ட் ஹேண்டி' என்ற இசைப் பதிப்பகம். 'செயின்ட் லூயிஸ் புளூஸ்' அதன் வெளியீடு. பதிப்பகம் 1918-இல் நியூயார்க்குக்கு இடம் மாறியது.

நியூயார்க்கில் அடுத்த தடை எதிர்ப்பட்டது. பாடல் பிரதிகளை இசைத்தட்டு நிறுவனங்களுக்கு எடுத்துச் சென்று, கறுப்பினப் பாடகர்களைக் கொண்டு இவற்றைப் பதிவு செய்யுங்கள் என்று கேட்டபோதெல்லாம் மறுப்பே கிடைத்தது. கறுப்பர்கள் எழுதிய பாடலை வெள்ளையர் பாடித் தட்டாக்கலாம். எழுதிய இனத்தின் குரலுக்கு இடமில்லை. 1920 ஆகஸ்டில் ஓகே நிறுவனத்துக்காக மேமி ஸ்மித் பாடிய 'கிரேஸி புளூஸ்' எவரும் எதிர்பாராத அளவுக்கு விற்ற பிறகுதான், கறுப்பர்களும் காசு கொடுத்து இசைத்தட்டு வாங்குவார்கள் என்பதை அந்த முதலாளிகள் ஒப்புக்கொண்டார்கள். பேஸ் அதற்குமேல் காத்திருக்கவில்லை. மனத்தாங்கல் இல்லாமல் ஹேண்டியிடமிருந்து பிரிந்து, 30,000 டாலர் கடன் திரட்டி, 1921-இல் நியூயார்க்கின் கறுப்பர் பகுதியான ஹார்லெமில் 138-ஆம் தெருவிலிருந்த தம் வீட்டின் கீழ்த்தளத்திலேயே பேஸ் ஃபோனோகிராஃப் நிறுவனத்தைத் தொடங்கினார். இயக்குநர் குழுவில் டு பாய்ஸும் இடம்பெற்றார்.

இசைத்தட்டுக்குச் சூட்டிய பெயரிலேயே அவருடைய கனவு தெரிகிறது. அடிமையாகப் பிறந்து, 1854-இல் விக்டோரியா மகாராணியின் முன் பாடும் அளவுக்கு உயர்ந்த எலிசபெத் டெய்லர் கிரீன்ஃபீல்டை மக்கள் 'கறுப்பு அன்னம்' என்று அழைத்தார்கள். பேஸ் அந்தப் பட்டத்தையே எடுத்துக்கொண்டார். ஃபிளெட்சர் ஹெண்டர்சன் பியானோ வாசித்துப் பதிவுகளைக் கவனித்தார். பின்னாளில் சிம்ஃபனிகள் எழுதிய வில்லியம் கிராண்ட் ஸ்டில் இசைக்கோப்பைப் பார்த்துக்கொண்டார். முதலில் வெளிவந்த தட்டுகளில் ரெவெல்லா ஹியூஸ் என்ற செவ்வியல் பாடகியின் குரலும் இருந்தது. ஆந்துவானெட் கார்ன்ஸ் பாடிய ஆபெரா பாடல்களும் பின்னர் வந்தன. கறுப்பர் என்றாலே கேலிப்பாட்டு என்று மேடைகள் பழக்கிவைத்திருந்த நாட்டில், நாங்கள் எதையும் பாட வல்லவர்கள் என்று காட்டுவதே அவர் நோக்கம். ஆனால் நிறுவனத்தின் கல்லாவை நிரப்பியது எதெல் வாட்டர்ஸின் புளூஸ். 'டவுன் ஹோம் புளூஸ்' பதிவுக்கு அவர் வாங்கிய ஊதியம் 100 டாலர். விற்பனை பெருகவே, வாட்டர்ஸும் ஹெண்டர்சனும் ஒரு குழுவாக 1921-இன் இறுதியில் புறப்பட்டு, நிறவெறி தலைவிரித்தாடிய தென் மாநிலங்கள் வரை சென்று பாடித் திரும்பினார்கள்.

பேஸ் செய்த பெரிய பிழை எனக்குத் தெரிந்து ஒன்றுதான்: பெஸ்ஸி ஸ்மித் பாடிக் காட்ட வந்தபோது, கரடுமுரடான குரல் என்று பிளாக் ஸ்வான் அவரைத் திருப்பி அனுப்பியது. 1923-இல் கொலம்பியா நிறுவனம் வெளியிட்ட அவருடைய முதல் தட்டு லட்சக்கணக்கில் விற்றது. இனத்தின் மானத்தைக் காக்கப் புறப்பட்டவர், அந்த இனத்தின் உழைக்கும் மக்கள் கொண்டாடிய குரலை மானக்குறைவாகக் கருதியது வருத்தத்துக்குரியது. அவருடைய தயக்கத்தின் காரணம் எனக்குப் புரிகிறது. இருந்தாலும் அந்த முடிவை என்னால் ஏற்க முடியவில்லை.

நிறுவனத்தைத் தள்ளாட வைத்தது இந்தப் பிழை மட்டுமன்று. பதிவு செய்வது எளிது. தட்டை அழுத்தி வார்க்கும் ஆலைதான் தொழிலின் உயிர்நாடி. சொந்த ஆலை இல்லாததால், விஸ்கான்சினில் நாற்காலி செய்யும் ஒரு கம்பெனியின் இசைத்தட்டுப் பிரிவைத் தொடக்கத்தில் நம்ப வேண்டியிருந்தது. பாடல் நம்முடையது, குரல் நம்முடையது, ஆலை மட்டும் அடுத்தவருடையது என்றால் எதுவும் நம்முடையதில்லை என்பதை உணர்ந்த பேஸ், 1922-இல் ஜான் ஃபிளெட்சர் என்பவரோடு சேர்ந்து லாங் ஐலண்ட் சிட்டியில் ஓர் ஆலையை வாங்கினார். அதன் செலவை ஈடுகட்ட, முன்பு அங்கே பதிவான வெள்ளையர்களின் பாடல்களை மாற்றுப்பெயர்களில் கறுப்பு அன்னத்தின் சின்னத்தோடு வெளியிடும் நிலை வந்தது. அதே காலத்தில் கறுப்பர் உரிமைக்காகக் குரல்கொடுத்த 'கிரைசிஸ்' இதழில் வந்த அவருடைய விளம்பரம், அசலான கறுப்பினத் தட்டு எங்களுடையது ஒன்றே, மற்றவை கறுப்பர்போல் காட்டிக்கொள்பவை என்று முழங்கியது. இந்த முரண்பாட்டை மூடி மறைத்து அவரை வெறும் வீரராக எழுத எனக்கு மனமில்லை.

அதற்குள் வானொலி வந்துவிட்டது. பாட்டு இலவசமாக வீட்டுக்குள் வந்தபோது தட்டு விற்பனை சரிந்தது. பணபலமுள்ள பெரிய நிறுவனங்களும் இதே சந்தையில் இறங்கியிருந்தன. 1923 டிசம்பரில் பிளாக் ஸ்வான் திவாலானது. 1924-இல் அதன் பதிவுகள் பாரமவுண்ட் என்ற இசைத்தட்டு நிறுவனத்திடம் போய்ச் சேர்ந்தன. அந்தப் பாரமவுண்ட், விஸ்கான்சின் நாற்காலிக் கம்பெனிக்குச் சொந்தமானது.

பேஸ் துவண்டு உட்காரவில்லை. வெள்ளையர் நிறுவனங்கள் கறுப்பர்களுக்குச் சரிவரக் காப்பீடு வழங்காத காலத்தில், 1925-இல் நியூவார்க்கில் ஒரு காப்பீட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். 1929-இல் அது வேறு இரண்டு நிறுவனங்களோடு இணைந்து சிகாகோவில் சுப்ரீம் லிபர்ட்டி லைஃப் ஆனபோது, அதன் தலைவரானார். அவர் வேலைக்கு எடுத்த இளைஞர் ஜான் எச். ஜான்சன், கறுப்பர்களைப் பற்றிய செய்திகளைத் திரட்டிச் சுருக்கித் தரும் பணியை அவருக்காகச் செய்துவந்தார். அதிலிருந்து பிறந்ததே 1942-இல் ஜான்சன் தொடங்கிய 'நீக்ரோ டைஜஸ்ட்' இதழ். 1945-இல் அவருடைய 'எபனி' இதழ் வந்தது. கறுப்பர்களுக்கு வீடு விற்கக் கூடாது என்ற ஒப்பந்தங்களை எதிர்த்துக் கார்ல் ஹான்ஸ்பெரி நடத்தி, 1940-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் வென்ற வழக்கின் பின்னாலும் பேஸின் நிறுவனம் கொடுத்த வீட்டுக்கடன் நின்றது.

பேஸ் வெளிர் நிறத்தவர். பார்த்தவுடன் கறுப்பர் என்று சொல்லிவிட முடியாது. தம் கடைசிக் காலத்தில் அவர் ரிவர் ஃபாரஸ்ட் என்ற வெள்ளையர் புறநகரில் குடியேறினார். 1943-இல் இறந்தார். அவருடைய பேரப்பிள்ளைகள் தங்களை வெள்ளையர் என்றே எண்ணி வளர்ந்தார்கள். தாத்தா யார், பிளாக் ஸ்வான் என்ன என்பதெல்லாம் நெடுங்காலம் கழித்தே அந்தக் குடும்பத்துக்குத் தெரியவந்தது. இதற்காக அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்குத் தோன்றவில்லை; வீடு, பள்ளி, வேலை, உயிர் என எல்லாவற்றையும் தோலின் நிறம் தீர்மானித்த ஊரில், தம் பிள்ளைகளுக்காக அவர் எதையெல்லாம் எண்ணிப் பார்த்திருப்பார் என்பதை நான் இங்கிருந்து எடைபோட முடியாது. தாத்தா வெளியிட்ட அந்தத் தட்டுகள் தங்களுக்கும் உரியவை என்பதை அறியாமல் அந்தப் பிள்ளைகள் வளர்ந்ததுதான், ஒவ்வொரு முறை வாட்டர்ஸின் குரலைக் கேட்கும்போதும் என் நெஞ்சை அறுக்கிறது.