சூரைக் கருவாடும் என் ரத்த அழுத்தமும்

ஜப்பானின் கவாசாகியில் எங்கள் அலுவலகத்தில் ஆண்டுக்கொரு முறை உடல் பரிசோதனை உண்டு. சென்ற முறை என் ரத்த அழுத்தம் 138/88. மாத்திரை இப்போதைக்கு வேண்டாம், உப்பைக் குறையுங்கள் என்றார் மருத்துவர். உப்பைக் குறைக்காமல் வேறு வழி உண்டா என்று அன்று மாலையே மருந்துக்கடைக்குப் போனேன். ரத்த அழுத்தம் சற்றே கூடியவர்களுக்கு என்று எழுதிய பெட்டி ஒன்று அகப்பட்டது. ஜப்பான் அரசு 1991 முதல் இத்தகைய உணவுகளைப் பரிசீலித்து ‘டொக்குஹோ’ முத்திரை தருகிறது. உள்ளே சூப்புத் தூள்.

சுடுநீர் ஊற்றியதும் எழுந்த வாசனையில் தூத்துக்குடி வீட்டு அடுக்களை வந்துவிட்டது. மாசிக் கருவாடு! சூரை மீனை அவித்து, புகையிட்டு, கட்டையாக உலர்த்திய ஜப்பானியரின் கட்சுவோபுஷிதான் அது. நாம் உரலில் இடிப்பதை இவர்கள் இழைப்புளியில் சீவுகிறார்கள், அவ்வளவுதான்.

அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னேன். “இதற்கா காசு கொடுத்தாய் ஐயா? இங்கே கடைத்தெரு முழுக்கக் கிடக்கிறதே” என்றார்.

கருவாடு அப்படியே வேலை செய்யாது என்று விளக்க முயன்றேன். கருவாட்டின் புரதத்தை ஒரு நொதி கொண்டு துண்டாக்குகிறார்கள். அதில் ஐந்து அமினோ அமிலங்கள் கோத்த ஒரு பெப்டைடு கிடைக்கிறது. நம் உடலில் ஏசிஇ என்றொரு நொதி இருக்கிறது. ரத்தத்தில் ஓடும் ஆஞ்சியோடென்சின் என்ற பெப்டைடை வெட்டி, ரத்தக் குழாய்களைச் சுருக்கும் பொருளாக மாற்றுவது அதன் வேலை. இந்தப் பெப்டைடையும் அது வெட்டப் போகிறது. வெட்டியபின் மிஞ்சும் மூன்று அமிலத் துண்டு முன்னைவிட வலுவாக அதையே முடக்குகிறது. பலாப்பழம் அரிந்த கத்தியில் பால் ஒட்டிக்கொள்கிறதே, அதுபோல.

“அப்பாவுக்குக் கொடுத்த மாத்திரை மாதிரியா?” என்றார் அம்மா. சரியாகப் பிடித்துவிட்டார். அப்பா சாப்பிட்ட எனலாப்ரிலும் ஏசிஇயைத்தான் தடுக்கும். அந்த வகையில் முதலில் வந்த காப்டோப்ரில், பிரேசிலின் ஜராராக்கா விரியனின் விஷத்திலிருந்த பெப்டைடுகளைப் படித்து உருவாக்கப்பட்டது. 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ரத்தக் குழாய்களை விரிக்கும் பிராடிகைனின் என்ற பொருளைச் சிதைப்பதும் ஏசிஇதான். அதை அடைத்தால் பிராடிகைனின் தேங்கும், சிலருக்கு வறட்டு இருமல் வரும். அப்பா மூன்று மாதம் இரவெல்லாம் இருமினார். ஆடாதோடைக் கஷாயம் அண்டா அண்டாவாகக் காய்ச்சினோம். மாத்திரையை மாற்றியதும் பத்து நாளில் இருமல் நின்றது.

சூப்புத் தூளுக்கு அந்த வலு கிடையாது. இதே வகையில் புளித்த பாலில் ஜப்பானியர் கண்ட இரண்டு பெப்டைடுகளும் இங்கே நடந்த சோதனைகளில் அழுத்தத்தைச் சற்றுக் குறைத்தன. ஆனால் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012இல், அவற்றின் பலன் நிறுவப்படவில்லை என்று சொல்லிவிட்டது. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதை நம்பி நிறுத்தினால் வம்புதான். அம்மாவிடம் அதை இரண்டு முறை சொன்னேன்.

இரண்டு மாதம் தூளைக் குடித்தேன். கூடவே ராமென் கடையில் நூடுல்ஸை மட்டும் தின்று, கிண்ணத்துச் சாற்றை மிச்சம் வைக்கப் பழகினேன். உப்பெல்லாம் அந்தச் சாற்றில்தான். இப்போது காலையில் 130/82 காட்டுகிறது. தூளா, மிச்சம் வைத்த சாறா என்று கேட்டால் என் பந்தயம் சாற்றின்மேல்தான்.

போன வாரம் அம்மா அனுப்பிய மாசிப்பொடி வந்து சேர்ந்தது. உப்பு எவ்வளவு போட்டீர்கள் என்று கேட்டேன்.

“மாசிக்கு உப்பு எதற்கு ஐயா? அவிக்கும்போதே ஏறியிருக்குமே.”