கோபமில்லை என்று சொன்னேன்

"என் மேல கோபமா இருக்காளா மேடம்?" என்று அந்தத் தாய் கேட்டதற்கு, "கோபமெல்லாம் இல்லம்மா" என்று நான் உடனே சொன்ன பதில் இன்றும் என்னை உறுத்துகிறது.

சிறுமூளையை ஒட்டியிருந்த கட்டியை அகற்றிய மறுநாள் தண்ணீர் கேட்ட ஏழு வயதுச் சிறுமி, அடுத்த நாளிலிருந்து வாயே திறக்கவில்லை. தாய் அருகில் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு, சொல்லே இல்லாத கீச்சுக் குரலில் அழுதாள். "வலிக்காதுன்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்தேன்" என்றார் தாய்.

பேச்சுப் பயிற்சியாளராக நான் அளித்த விளக்கத்தில் பிழையில்லை. மெடுல்லோபிளாஸ்டோமா என்னும் புற்றுக்கட்டியை அப்பகுதியிலிருந்து எடுத்த குழந்தைகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவருக்கு இப்படிப் பேச்சு நின்றுபோகிறது. கண்விழித்துப் பேசிய பின், பெரும்பாலும் ஓரிரு நாளில்தான் அது தொடங்கும். சிறுமூளையிலிருந்து, மூளையின் நடுவே உள்ள தாலமஸ் என்னும் பகுதி வழியாகப் பெருமூளைக்குச் செல்லும் நரம்புப் பாதை பாதிக்கப்படுவதே காரணம் என்று கருதப்படுகிறது. உடல் தளர்ச்சியும், விழுங்குவதில் சிரமமும், ஓயாத எரிச்சலும் உடன் வருவதுண்டு. இதைக் கேட்டதும் அவர் முகம் தெளிந்தது. உறக்கமின்றிக் குற்றவுணர்வில் வெந்துகொண்டிருந்தவரிடம் வேறென்ன சொல்லியிருக்க முடியும்?

சில வாரங்களில் பேச்சு திரும்பியது. முதலில் வெறும் காற்றாக, பிறகு அசை அசையாக இழுபட்டு. கதிர்வீச்சுச் சிகிச்சை நடந்துகொண்டிருந்த ஒருநாள், முகபாவப் படங்களைப் பரப்பி, பேசாமலிருந்தபோது எப்படி இருந்தது என்று கேட்டேன். அவள் விரல் நடுங்கிக்கொண்டே படத்தைத் தாண்டிப் போய், திரும்பி வந்து, கோபமுகத்தின் மேல் நின்றது. "அம்... மா... பொய்" என்றாள்.

அது உண்மையான நினைவா, பெரியவர்கள் தன் முன்னே பேசியதைக் கேட்டு அவள் பின்னால் கோத்துக்கொண்டதா என்று என்னால் பிரித்தறிய முடியவில்லை. நோய் தந்த எரிச்சலும் இருந்திருக்கலாம், நியாயமான கோபமும் இருந்திருக்கலாம். தன் தரப்பைச் சொல்ல முடியாத ஒரு குழந்தைக்காக, அவளுக்குக் கோபமில்லை என்று அறிவிக்கும் உரிமையை எனக்கு யார் கொடுத்தது? அதே வேளையில், அந்தப் பதில் இல்லாவிட்டால் அத்தாய் அந்த வாரங்களைத் தாங்கியிருப்பாரா என்றும் தோன்றுகிறது. படத்தில் அவள் விரல் நின்ற இடத்தை நான் அவரிடம் சொல்லவில்லை.

பின்னர் வேறொரு தந்தை இதே கேள்வியைக் கேட்டபோது, அறுவை சிகிச்சையின் விளைவு இது என்று விளக்கியதோடு நிறுத்திக்கொண்டேன். அவர் சற்று நேரம் காத்திருந்துவிட்டு, "அப்ப கோபமாத்தான் இருக்கானா?" என்றார்.