ஒத்தும் தவிலும் எலக்ட்ரானும்

பி.எஸ்சி. வேதியியல் முதலாண்டில் நிச்சயமற்ற தன்மைக் கோட்பாட்டுக்கு நான் எழுதிய விடை இதுதான்: எலக்ட்ரானைப் பார்க்க ஒளி வேண்டும், ஒளி பட்டதும் அது விலகி ஓடும், அதனால் இடமும் உந்தமும் (நிறையை வேகத்தால் பெருக்கியது) சேர்ந்து தெரியாது. ஐந்துக்கு ஐந்து. பாளையங்கோட்டையில் மூன்று வருஷமும் அதை வைத்தே ஓட்டிவிட்டேன். 1927-இல் கோட்பாட்டைச் சொன்ன ஹைசன்பர்க்கே காமாக் கதிர் நுண்ணோக்கி என்று இப்படித்தான் விளக்கினார் என்பதால் பெரிய வெட்கமும் இல்லை. ஆனாலும் உறுத்தல்: யாரும் பார்க்காதபோது எலக்ட்ரானுக்கு இரண்டும் ஒழுங்காக இருக்கத்தானே செய்யும்?

விடை கிடைத்தது எங்கள் ஊர் அம்மன் கோயில் கொடையில். சித்தப்பா மேளத்தில் ஒத்து ஊதுவார், நாயனத்துக்குச் சுருதி சேர்க்கிற குழல். ஒரே சுரம், கன்னம் உப்ப, இடையில் அறாமல். நான் பக்கத்தில் உட்கார்ந்து செல்லில் சுருதி காட்டும் ஆப்பை வைத்து விளையாடிக்கொண்டிருந்தேன். ஒத்துக்கு முள் ஆடாமல் நின்றது. தவிலின் ஒற்றை அடிக்கு எங்கெங்கோ துள்ளியது. நடுராத்திரிச் சாமக்கொடை முடிந்து டீ வந்தபோது, "ஆப் சரியில்ல சித்தப்பா" என்றேன்.

சீவாளியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஏல, ஒரு அடிக்குள்ள அது சுருதிய எங்க போயி வைக்கும்? நின்னாத்தான சுருதி."

ஆப்பின் குறையே இல்லை. இந்தக் கணம் என்று சுட்டிச் சொல்ல முடிகிற சத்தம், பல அதிர்வெண்கள் கூடினால்தான் உண்டாகும். அதற்கு ஒரே சுருதி கிடையாது. ஒத்துக்குச் சுருதி கச்சிதம். எப்போது கேட்டது என்றால் ராத்திரி பூராவும். எலக்ட்ரானும் அலைதான். இயற்பியலாளர் டி பிராக்ளி கணக்கில், பிளாங்க் மாறிலி என்கிற மிகச் சிறிய நிலையான எண்ணை அலைநீளத்தால் வகுத்தால் உந்தம். ஓரிடத்தில் ஒடுங்கிய அலைக்கு ஒரே அலைநீளம் இல்லை. ஆகவே ஒரே உந்தமும் இல்லை. நம் கண்ணுக்கு மறைந்திருக்கவில்லை, இல்லவே இல்லை.

சரி, எவ்வளவு? இடத்தின் தெளிவின்மையையும் உந்தத்தின் தெளிவின்மையையும் பெருக்கினால், பிளாங்க் மாறிலியை 4π-ஆல் வகுத்தால் வருவதற்குக் கீழே போகாது. எலக்ட்ரானை ஒரு ஆங்ஸ்ட்ராமுக்குள் (மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு) அடைத்துப் போட்டுப் பார்த்தேன். வேகத்தின் தெளிவின்மை மட்டும் நொடிக்குச் சுமார் 580 கிலோமீட்டர்!

எலக்ட்ரான் ஏன் அணுக்கருவில் போய் விழுவதில்லை என்பதும் அப்புறம்தான் புரிந்தது. கருவை ஒட்டி நெருக்க நெருக்க உந்தம் பரந்து இயக்க ஆற்றல் ஏறுகிறது. மின் ஈர்ப்போ உள்ளே இழுக்கிறது. இரண்டும் சேர்ந்த மொத்த ஆற்றல் ஆகக் குறைவது ஹைட்ரஜனில் 0.529 ஆங்ஸ்ட்ராம் அளவில். நீல்ஸ் போர் பெயரால் போர் ஆரம் (Bohr radius) என்று நான் நெட்டுருப் போட்ட அதே எண்.