கெளிற்றுக் குஞ்சு பிரிக்க ஒரு பெட்டி

கெளிறு மீன் வளர்க்கிற ஆட்களுக்குத் தெரியும், ஒரே நாளில் பொரித்த குஞ்சுகளும் ஒரே அளவில் வளராது. முந்தி வளர்ந்தது பிந்தினதை விழுங்கிவிடும். தீனி நிறையப் போட்டாலும் இது முழுதாக நிற்காது, அளவு பார்த்துப் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

கையால் பிரித்தால் செட்டை முள் குத்தும், மீனும் நோகும். அதனால் வீட்டில் கிடந்த பிவிசி குழாய்த் துண்டுகளை மரச்சட்டத்தில் வரிசையாக அடுக்கி அடிப்பக்கம் வைத்து, தொட்டியில் பாதி அமிழ்கிற ஒரு பெட்டி செய்திருக்கிறேன். சின்னது இடைவெளியால் கீழே இறங்கும், பெரியது உள்ளே நிற்கும். கம்பி வலை மட்டும் வேண்டாம். முள் சிக்கினால் குஞ்சு தோலை உரித்துக்கொள்ளும். குழாயின் வெட்டு விளிம்பையும் அரத்தாள் போட்டுத் தேய்த்துவிடுங்கள்.

இடைவெளிதான் முக்கியம். கெளிற்றின் மண்டை எலும்பு, நெரித்தாலும் ஒடுங்காது. ஆனால் தலை தட்டை என்பதால் சரிந்து புகப் பார்க்கும். ஆகவே தலையின் அகலத்தை மட்டும் நம்பாமல் தடிப்பையும் அளந்து பாருங்கள்.

பிரிப்பதற்கு முதல்நாள் தீனி போடாதீர்கள். யாழ்ப்பாண வெயிலுக்கு விடியற்காலைதான் சரி. கோண்டாவில் பக்கம் தொட்டி வைத்திருப்பவர்கள் வந்து பெட்டியைப் பார்க்கலாம், அளவும் எழுதித் தருகிறேன்.