ஆழ்கடல் கிரேனின் ஹீவ் காம்பென்சேஷன்: சிறிய மாதிரியில் இதுவரை

கடல் கிரேன் என்றாலே எல்லாரும் ஸ்லீப்னிர் என்ற ராட்சத கிரேன் கப்பலைத்தான் சொல்வார்கள். ஒவ்வொன்றும் 10,000 டன் தூக்கும் இரண்டு கிரேன்கள், 2019-இல் இஸ்ரேல் கடலிலுள்ள லெவியாதான் எரிவாயு வயலுக்காக, உற்பத்தி மேடையின் 15,300 டன் மேல்தளத்தை ஒரே தூக்கில் ஏற்றியது. பிரமாதம்தான். ஆனால் என் ஆசை 250 டன் ரகத்தின் மேல். 3,000 மீட்டர் ஆழத்தில், கடல்தரையில் ஒரு கருவியை அலுங்காமல் இறக்கி வைக்கிற கிரேன். அலையில் கப்பல் ஏறினால் வின்ச் (கயிறு சுருட்டும் உருளை) அதே அளவு கயிறு விட வேண்டும், இறங்கினால் அதே அளவு சுருட்ட வேண்டும். இதுதான் ஹீவ் காம்பென்சேஷன், அதைத்தான் சின்னதாகச் செய்து பார்க்கிறேன்.

கார் வைப்பர் மோட்டார் ஒரு மேடையை 10 செ.மீ. மேலும் கீழும் ஆட்டுகிறது. அதுதான் கப்பல். மேடையில் என்கோடர் (எவ்வளவு சுழன்றது என்று சொல்லும் கருவி) வைத்த வின்ச் மோட்டார், அசைவை அளக்கும் எம்பியு-6050 சென்சார், எல்லாவற்றையும் இயக்கும் ஆர்டுயினோ என்ற குட்டிக் கணினிப் பலகை. கீழே ட்ரம் நிறையத் தண்ணீர், அதற்குள் வின்ச் கயிற்றில் தொங்கும் ஓர் எடை.

மேல்-கீழ் அசைவுக்குச் சென்சார் தருவது முடுக்கத்தை மட்டும்தான், எவ்வளவு நகர்ந்தோம் என்று தெரிய அதை இரண்டு தடவை இன்டக்ரேட் செய்ய (நேரத்தோடு கூட்டிக்கொண்டே போக) வேண்டும், அங்கேதான் பிடி நழுவுகிறது: புவியீர்ப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிழை இருந்தாலே 10 விநாடியில் கணக்கு அரை மீட்டர் தள்ளிப் போய்விடும். அதனால் இப்படி மெதுவாக நகரும் பிழையை வெட்டி, வேகமான ஆட்டத்தை மட்டும் விடும் ஹை-பாஸ் ஃபில்டர் போட்டே ஆக வேண்டும். ஃபில்டரோ சிக்னலை அலைக்கு முன்னால் தள்ளிவிடுகிறது. ஒரு முழு அலையை 360 பாகை என்று வைத்தால், 30 பாகை விலகினால் பாதி ஆட்டம் அப்படியே மிச்சம். 60 பாகைக்கு மேல் போனால் ஆட்டம் முன்பைவிடக் கூடிவிடும், வின்ச்சை நிறுத்திவிடுவதே மேல். மோட்டாரின் தாமதம் எதிர்ப்பக்கம் இழுப்பதால் இரண்டும் ஓரளவு கழிந்துபோகின்றன. 4 விநாடி அலையில், 0.05 ஹெர்ட்ஸ் ஃபில்டரோடு, 10 செ.மீ. ஆட்டம் இப்போது ஒன்றரை செ.மீ. அளவுக்கு வந்திருக்கிறது. தண்ணீருக்குள் எடை கிட்டத்தட்ட அசையாமல் நிற்க, மேலே மேடை மட்டும் ஆடுவதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷம்.

அப்புறம் கயிறு. 100 மி.மீ. வயர் ரோப் மீட்டருக்குச் சுமார் 40 கிலோ. 3,000 மீட்டர் விட்டால், தண்ணீரின் மிதப்பைக் கழித்தும் நூறு டன்னுக்கு மேல் கயிறே தின்றுவிடும். தண்ணீரைவிட லேசான ஹெச்எம்பிஇ (வலுவான ஒருவகை பாலிஎத்திலீன்) நார்க் கயிற்றின் பக்கம் ஆட்கள் போவது இதனால்தான்.

நீளக் கயிறு ஸ்பிரிங் மாதிரியும் நடந்துகொள்ளும். ஆழம் கூடக்கூட அதன் இயல்பான ஆட்டக் காலம் நீண்டு, ஏதோ ஓர் ஆழத்தில் அலையின் காலத்தோடு பொருந்திவிடும். இதைப் பார்க்க நடுவில் ரப்பர் கயிறு கட்டி, சக்ஷன் ஆங்கர் (உறிஞ்சு விசையால் கடல்தரையில் பதியும் நங்கூரம்) போல அடி திறந்த டப்பாவைத் தொங்கவிட்டேன். தண்ணீரில் அதன் எடை 300 கிராம்தான், உள்ளே அடைபட்ட தண்ணீரோடு சேர்ந்து ஆட வேண்டிய நிறை 2 கிலோவுக்கு மேல். வின்ச்சை நிறுத்திவிட்டு அலையை 2 விநாடிக்குக் கொண்டுவந்ததும் டப்பா மேடையைவிட அதிகமாக ஆட ஆரம்பித்தது. வின்ச் ஓடும்போது குறைகிறது, ஆனால் சரிசெய்யாமல் மிஞ்சும் சிறு ஆட்டத்தையும் ரப்பர் பெருக்கித்தான் காட்டுகிறது.

அடுத்து கயிற்றின் மேல் முனையில் லோட் செல் (இழுவிசையை அளக்கும் சென்சார்) வைத்து, இழுவையையும் கண்ட்ரோல் கணக்கில் சேர்க்கப் போகிறேன்.